புதிய சிறுநீரகமும் பழைய கிருமியும்

மைசூரில் ஒரு பழைய ஆஸ்பத்திரி உண்டு. காசநோய்க்காகவே கட்டிய ஆஸ்பத்திரி. 1921-ஆம் ஆண்டு தொடங்கியது. இளவரசி கிருஷ்ணாஜம்மண்ணியின் பெயர் அதற்கு வைக்கப்பட்டது. அவர் மன்னர் நால்வடி கிருஷ்ணராஜ உடையாரின் சகோதரி. காசநோயில் இறந்தவர்.

அரண்மனையில் நல்ல சாப்பாடு இருந்தது. வைத்தியர்கள் இருந்தார்கள். இருந்தும் காசநோய்க் கிருமி உள்ளே நுழைந்தது. அந்தக் காலத்தில் அதைக் கொல்ல மருந்து இல்லை. இன்று மருந்து இருக்கிறது. அரசு ஆஸ்பத்திரியில் இலவசமாகக் கிடைக்கிறது. ஆனாலும் இந்தக் கிருமி நம்மை விட்டுப் போகவில்லை. 2019 முதல் 2021 வரை நாடு முழுவதும் ஒரு கணக்கெடுப்பு நடந்தது. பதினைந்து வயதுக்கு மேற்பட்டவர்களில் நூற்றுக்கு 31 பேர் உடலில் காசநோய்க் கிருமி நுழைந்திருப்பது தெரிந்தது.

பயப்பட வேண்டாம். அந்த 31 பேருக்கும் நோய் என்று பொருள் இல்லை. பெரும்பாலோர் உடலில் கிருமி தூங்கிக்கொண்டிருக்கிறது. இருமல் இல்லை, காய்ச்சல் இல்லை. அவர்களிடமிருந்து பிறருக்குத் தொற்றவும் தொற்றாது. கிருமி அங்கே இருப்பது அவர்களுக்கே தெரியாது.

தூங்கும் கிருமி எப்போது விழிக்கும்? உடலின் காவல் தளரும்போது விழிக்கும். சிலருக்கு டாக்டர்களே அந்தக் காவலைத் தளர்த்த வேண்டியிருக்கிறது. மாற்றுச் சிறுநீரகம் பெற்றவர்களைப் பற்றித்தான் சொல்கிறோம்.

உடலின் காவலர்கள்

நம் முதுகுப் பக்கம், விலா எலும்புக்குக் கீழே, இரண்டு சிறுநீரகங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் நம் கைமுட்டி அளவு. கிட்னி என்று சொல்வது இதைத்தான். இரத்தத்தில் உள்ள கழிவை வடிகட்டிச் சிறுநீராக அனுப்புவது இவற்றின் வேலை. சர்க்கரை நோய், இரத்தக் கொதிப்பு போன்றவற்றால் இரண்டும் கெட்டுப் போகலாம். அப்போது உடம்பு வீங்கும். சோறு பிடிக்காது. மூச்சு வாங்கும்.

அப்படிப்பட்டவர் இயந்திரத்தில் இரத்தத்தைச் சுத்தம் செய்துகொள்ள வேண்டும். இதற்கு டயாலிசிஸ் என்று பெயர். பெரும்பாலும் வாரம் இரண்டு அல்லது மூன்று முறை. ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம். வேலைக்குப் போவது எப்படி? கூலி கிடைப்பது எப்படி? அதனால்தான் வேறொருவரின் சிறுநீரகத்தைப் பெற்று வைத்துக்கொள்கிறார்கள். கெட்டுப்போன இரண்டையும் எடுத்துவிட்டுப் புதியதை அங்கே வைப்பார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. பழையவை பெரும்பாலும் இருந்த இடத்திலேயே இருக்கும். புதியதை அடிவயிற்றின் ஒரு பக்கத்தில் வைத்துத் தைக்கிறார்கள்.

இங்கேதான் ஒரு சிக்கல் வருகிறது. நம் இரத்தத்தில் வெள்ளை அணுக்கள் இருக்கின்றன. இவை ஊர்க்காவலர் மாதிரி. இரவும் பகலும் சுற்றி வரும். வெளியாள் யாராவது உள்ளே வந்தால் அடித்து விரட்டும். கிருமி வந்தாலும் அடிக்கும். புதிய சிறுநீரகம் வந்தாலும் அடிக்கும். உதவிக்கு வந்த சிறுநீரகம் இது என்று அவற்றுக்குத் தெரியாது.

1954-ல் அமெரிக்காவில் பாஸ்டன் நகரில் முதல் வெற்றி கிடைத்தது. கொடுத்தவரும் பெற்றவரும் ஒரே அச்சில் வார்த்த இரட்டையர்கள். அதனால் காவலர்களுக்கு வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் எல்லோருக்கும் இரட்டைப் பிறவி இருக்குமா? மற்றவர்களுக்குக் காவலர்களை அடக்கும் மருந்து தேவைப்பட்டது. அந்த மருந்துகள் பிறகு வந்தன. நம் நாட்டில் முதல் வெற்றி 1971-ல் வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரியில் கிடைத்தது.

இன்று டாக்ரோலிமஸ், மைக்கோபீனோலேட், பிரெட்னிசோலோன் போன்ற மாத்திரைகளைத் தருகிறார்கள். புதிய சிறுநீரகம் வேலை செய்யும் வரை இவற்றைத் தினமும், நேரம் தவறாமல் சாப்பிட வேண்டும். நிறுத்தினால் காவலர்கள் விழித்துச் சிறுநீரகத்தை அழித்துவிடுவார்கள். சாப்பிட்டாலோ காவல் பாதியாகக் குறைந்திருக்கும். அந்தப் பாதிக் காவலில்தான் வாழ வேண்டும்.

2021-ல் கொரோனாவோடு கறுப்புப் பூஞ்சை நோய் வந்தது நினைவிருக்கும். சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாதவர்களையும், ஸ்டீராய்டு மருந்து அதிகம் எடுத்தவர்களையும்தான் அது அதிகம் பிடித்தது. அந்தப் பூஞ்சை புதிதாக எங்கிருந்தும் வரவில்லை. மண்ணிலும் காற்றிலும் எப்போதும் இருப்பதுதான். காவல் குறைந்த உடம்பு அதற்கு வழி விட்டது.

வேலூர் டாக்டர்கள் தங்களிடம் மாற்றுச் சிறுநீரகம் பெற்றவர்களைப் பல ஆண்டுகள் கவனித்து வந்தார்கள். நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் காசநோய் வந்திருந்தது. குளிர் நாடுகளில் இவ்வளவு பேருக்கு வருவதில்லை. நம் நாட்டில் தூங்கும் கிருமி அதிகம். அதனால் விழிப்பதும் அதிகம்.

ஒரு குடும்பம்

இது கற்பனைக் குடும்பம்தான். ஆனால் இப்படி நடக்காத ஊர் இல்லை.

மைசூரில் ஆட்டோ ஓட்டும் ஒரு தம்பி. அவருக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது. ஊதுபத்தி உருட்டும் அக்கா ஒரு சிறுநீரகம் தருவதாகச் சொன்னார். இரத்த வகை பொருந்தியது. ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸ் நீண்ட படிவத்தை வைத்துக்கொண்டு கேள்வி கேட்டார். "உங்கள் வீட்டில் யாருக்காவது டி.பி. இருந்ததா?"

அம்மா முந்திக்கொண்டார். "இல்லை, யாருக்கும் இல்லை."

பஸ்ஸில் வரும்போது அக்கா கேட்டார். "ஏம்மா இல்லேன்னு சொன்னே? அப்பாவுக்கு இருந்துச்சே. ஆறு மாசம் மருந்து சாப்பிட்டாரே."

"சும்மா இருடி. சொன்னா ஆபரேஷனே வேண்டாம்னுடுவாங்க. அப்புறம் உன் தம்பி கதி என்ன? வீட்டுல கல்யாணத்துக்கு உன் பொண்ணு வேற இருக்கா. நாலு பேருக்குத் தெரியணுமா?"

அம்மாவைக் குறை சொல்வது எளிது. ஆனால் அவர் பயம் பொய்யில்லை. டி.பி. வீடு என்று சொல்லிப் பெண் எடுக்க மறுப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஆஸ்பத்திரியிலும் சில இடங்களில் பத்துப் பேர் நடுவில் நிறுத்தி உரத்த குரலில் கேட்கிறார்கள். அப்படிக் கேட்டால் யார் வாய் திறப்பார்கள்?

அக்காவுக்கு இரவெல்லாம் தூக்கம் வரவில்லை. மறுநாள் தனியாகப் போய் டாக்டரைப் பார்த்தார். அப்பாவுக்கு நோய் வந்த ஆண்டு, மருந்து சாப்பிட்ட மாதங்கள், அப்போது தாமும் தம்பியும் அதே அறையில் படுத்தது, எல்லாம் சொன்னார். டாக்டர் கோபப்படவில்லை. ஆபரேஷனை ரத்து செய்யவும் இல்லை. இருவருக்கும் மார்பு எக்ஸ்ரே எடுத்தார். இரத்தம் எடுத்துக் காசநோய்ச் சோதனைக்கு அனுப்பினார். அக்காவுக்கு நோய் எதுவும் இல்லை. தம்பியின் உடலில் தூங்கும் கிருமி இருந்தது. அது விழிக்காமல் இருக்கத் தம்பிக்குச் சில மாதங்கள் மாத்திரை கொடுக்க ஏற்பாடு செய்தார்.

அம்மா பயந்தது போல எதுவும் ஆகவில்லை. இதைத்தான் பலர் அறிவதில்லை. சோதனையில் ஏதாவது தெரிந்தால் ஆபரேஷன் கிடையாது என்று நினைக்கிறார்கள். பெரும்பாலும் அப்படி இல்லை. நோய் விழித்திருந்தால் முதலில் அதைக் குணப்படுத்துவார்கள். பிறகு ஆபரேஷன் நடக்கும். மஞ்சள் காமாலை சி வகைக் கிருமிக்கு இன்று மாத்திரை உண்டு. சில மாதங்களில் பெரும்பாலோருக்குக் குணமாகிறது. எச்.ஐ.வி. உள்ளவர் கூட, மருந்தில் நன்றாக இருந்தால், மாற்றுச் சிறுநீரகம் பெற முடியும்.

எதைச் சோதிக்கிறார்கள்?

பெறுபவர், கொடுப்பவர் இருவரையும் சோதிக்கிறார்கள். கொடுப்பவரை ஏன் சோதிக்க வேண்டும்? அவர் நல்ல மனதோடுதான் தருகிறார். ஆனால் சிறுநீரகத்தோடு சேர்ந்து அதில் ஒளிந்துள்ள கிருமியும் போய்விடும். அவருக்கு ஒன்றும் செய்யாத கிருமி, காவல் குறைந்த உடம்பில் உயிரையே எடுக்கலாம்.

எச்.ஐ.வி., மஞ்சள் காமாலை பி, சி வகைகள், மேகநோய் ஆகியவற்றுக்கு இரத்தச் சோதனை உண்டு. எச்.ஐ.வி. நம் நாட்டில் இருப்பது 1986-ல் சென்னையில்தான் முதலில் தெரிய வந்தது. அதைக் கண்டறிந்தவர்கள் டாக்டர் சுனிதி சாலமனும் அவரிடம் படித்த செல்லப்பன் நிர்மலாவும். இந்தச் சோதனையில் ஒரு விஷயம் தெரிந்துகொள்ள வேண்டும். கிருமி உடலில் நுழைந்த முதல் சில வாரங்களில் சாதாரணச் சோதனையில் அது தெரியாமல் போகலாம். அதனால்தான் ஆபரேஷன் நெருங்கும்போது மறுபடியும் சோதிக்கிறார்கள். "போன மாதம்தானே இரத்தம் எடுத்தார்கள், காசு பிடுங்கவா மறுபடி?" என்று சிலர் சண்டை போடுகிறார்கள். செலவு பாரம்தான், மறுப்பதற்கில்லை. ஆனால் இந்தச் சோதனை வீண் இல்லை.

மஞ்சள் காமாலை பி, சி கிருமிகள் இரத்தத்தின் வழியாகப் பரவும். டயாலிசிஸ் செய்யும் இடத்திலும் பரவ வாய்ப்பு உண்டு. பி வகைக்குத் தடுப்பூசி இருக்கிறது. சிறுநீரகம் கெட ஆரம்பித்த உடனேயே போட்டுக்கொள்வது நல்லது. நாள் போகப் போக உடம்பில் ஊசியின் பலன் குறையும்.

சைட்டோமெகலோ என்று ஒரு வைரஸ் உண்டு. நம் நாட்டில் பெரியவர்களில் பெரும்பாலோர் உடலில் சிறு வயதிலேயே வந்து தங்கிவிடுகிறது. சாதாரணமாக ஒன்றும் செய்யாது. காவல் குறைந்தால் குடல், நுரையீரல், கண் எதையும் தாக்கும். எனவே இருவருக்கும் அதைப் பார்ப்பார்கள்.

பல்லையும் பார்ப்பார்கள். சொத்தைப் பல்லில் சீழ் இருந்தால் அதுவும் கிருமியின் வீடுதான்.

மலமும் சோதிப்பார்கள். இதை வயல் வேலை செய்பவர்கள் கவனிக்க வேண்டும். நூல் போன்ற ஒரு சிறு புழு ஈர மண்ணில் இருக்கும். வெறுங்காலோடு நடப்பவரின் தோலைத் துளைத்து உள்ளே போகும். குடலில் தங்கிப் பல பத்து ஆண்டுகள் கூட இருக்கும். இருபது வயதில் நாற்று நட்டபோது ஏறிய புழு, ஐம்பது வயதில் நகரத்தில் இருக்கும்போதும் உள்ளே இருக்கலாம். காவலை அடக்கும் மருந்து கொடுத்தால் அது பெருகி உடம்பெல்லாம் பரவும். உயிர் போகலாம். ஆனால் முன்பே தெரிந்தால் மாத்திரையிலேயே அழித்துவிடலாம். வயல் வேலை செய்திருந்தால் அதை டாக்டரிடம் சொல்ல வேண்டும். அவராகக் கேட்காமல் விட்டுவிடலாம்.

ஜெர்மனியில் நடந்தது

உயிரோடு இருப்பவரிடம் நிதானமாகக் கேட்கலாம், சோதிக்கலாம். மூளைச்சாவு அடைந்தவர் உறுப்பு தரும்போது நேரம் இருக்காது. சில மணி நேரத்தில் எல்லாம் முடிய வேண்டும். கர்நாடகத்தில் ஜீவசார்த்தகதே என்ற அரசு அமைப்பு இந்த வேலையைச் செய்கிறது. மைசூரும் அதில் ஒரு மண்டலம். தமிழ்நாட்டில் 2008-ல் இதற்கான திட்டம் தொடங்கியது. வரிசைப்படி யாருக்கு உறுப்பு போக வேண்டும் என்று இவை முடிவு செய்கின்றன. அதே நேரத்தில் இறந்தவரின் குடும்பத்தாரிடம் கேள்வி கேட்பார்கள். அழுதுகொண்டிருக்கும் நேரத்தில் இந்தக் கேள்விகள் எரிச்சல் தரும். ஏன் கேட்கிறார்கள் என்பதற்கு ஜெர்மனியில் நடந்ததைப் பாருங்கள்.

ஜெர்மனியைச் சேர்ந்த ஒரு பெண் 2004-ல் இந்தியாவுக்கு வந்து போனார். அந்த ஆண்டு முடிவில் இறந்தார். அவருடைய உறுப்புகளை ஆறு பேருக்கு வைத்தார்கள். அவருக்கு வெறிநாய்க்கடி நோய் இருந்தது யாருக்கும் தெரியவில்லை. 2005-ன் தொடக்கத்தில் பெற்றவர்களுக்கு நோய் வந்தது. நுரையீரல் பெற்றவர், சிறுநீரகம் பெற்றவர், சிறுநீரகமும் கணையமும் பெற்றவர் ஆகிய மூவரும் இறந்தார்கள்.

கல்லீரல் பெற்றவர் பிழைத்தார். எப்படி? அவர் முன்பு எப்போதோ வெறிநாய்க்கடித் தடுப்பூசி போட்டிருந்தார். கண்ணின் கருவிழிப் படலம் பெற்ற இருவரும் பிழைத்தார்கள். செய்தி தெரிந்ததும் அந்தப் படலத்தை எடுத்துவிட்டு ஊசி போட்டார்கள்.

வெறிநாய்க்கடி நோயை அந்தச் சில மணி நேரத்தில் கண்டுபிடிக்க வழக்கமான இரத்தச் சோதனை கிடையாது. அங்கே குடும்பத்தார் சொல்லும் வார்த்தைதான் சோதனை. நாய் கடித்ததா, பூனை பிறாண்டியதா, ஊசி முழுவதும் போட்டாரா, கடைசி நாட்களில் தண்ணீரைக் கண்டு பயந்தாரா? இவற்றைக் கேட்டால் தெரிந்ததைத் தெரிந்தபடி சொல்ல வேண்டும். தெரியாததைத் தெரியாது என்று சொல்ல வேண்டும்.

விலைக்கு வாங்கினால்

சென்னையில் வில்லிவாக்கம் என்ற பகுதி ஒரு காலத்தில் கிட்னி விற்பனைக்குப் பேர் போனது. கடன் தொல்லையில் ஏழைகள் விற்றார்கள். பம்பாயிலும் அப்படி நடந்தது. 1980-களில் வளைகுடா நாட்டு நோயாளிகள் பலர் அங்கே வந்து சிறுநீரகம் வாங்கிப் போனார்கள். ஊர் திரும்பிய அவர்களை அங்குள்ள டாக்டர்கள் சோதித்தார்கள். பலர் இறந்திருந்தார்கள். சிலருக்கு எச்.ஐ.வி. தொற்றியிருந்தது. 1990-ல் இது மருத்துவ இதழில் வெளிவந்தது.

காரணம் என்ன? விற்பவர் தம் நோயைச் சொல்ல மாட்டார். சொன்னால் பணம் வராது. தரகருக்கும் அவசரம். சோதனை ஒழுங்காக நடக்காது.

1994-ல் சட்டம் வந்தது. உறுப்பை விற்பதும் வாங்குவதும் தரகு பார்ப்பதும் குற்றம். 2011-ல் தண்டனையைக் கூட்டினார்கள். இப்போது ஐந்து முதல் பத்து ஆண்டுகள் வரை சிறை. 20 இலட்சம் ரூபாய் முதல் ஒரு கோடி வரை அபராதம். சிறுநீரகம் விற்றவர் பாதி நேரம் பேசிய பணத்தைக் கூடப் பெறுவதில்லை என்பது தனிக் கதை.

வீட்டுக்கு வந்த பிறகு

ஆபரேஷன் முடிந்த முதல் மாதம் தையல், சிறுநீர்க் குழாய், ஆஸ்பத்திரிக் கிருமி இவற்றால் தொல்லை வரும். அதற்கடுத்த ஐந்து மாதம்தான் தூங்கும் கிருமிகள் அதிகம் விழிக்கும் காலம். மருந்தின் அளவு அப்போது அதிகம். ஒரு வகை நிமோனியா வராமல் இருக்கத் தினமும் ஒரு மாத்திரை தருவார்கள். உடம்பு நன்றாக இருக்கிறது என்று அதை விட்டுவிடக் கூடாது.

காய்ச்சல் 100 டிகிரியைத் தாண்டினால் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். நமக்கு வந்தால் ஒரு மாத்திரை போட்டுப் படுத்துக்கொள்வோம். இவர் அப்படிச் செய்யக் கூடாது. ஸ்டீராய்டு மருந்து காய்ச்சலை மறைத்துக் காட்டும். வெளியே கொஞ்சம் சூடு, உள்ளே பெரிய நோய் என்று இருக்கலாம். காசநோய் கூட இவருக்கு இருமலோடு வர வேண்டும் என்பதில்லை. மாலைக் காய்ச்சலும் எடை குறைவும் மட்டும் இருக்கலாம்.

இன்னொரு முக்கியமான விஷயம். காசநோய்க்குத் தரும் மருந்துகளில் ரிஃபாம்பிசின் ஒன்று. இதைச் சாப்பிட்டால் டாக்ரோலிமஸ் மருந்தை உடம்பு வேகமாக அழித்துவிடும். காவலர்கள் விழித்துப் புதிய சிறுநீரகத்தை அடிப்பார்கள். ஆகவே வேறு டாக்டரிடம் காசநோய்க்கு மருந்து வாங்கினால் மாற்றுச் சிறுநீரகத்தைச் சொல்ல வேண்டும். சிறுநீரக டாக்டரிடமும் காட்ட வேண்டும். அவர் அளவைக் கூட்டுவார், அல்லது மருந்தை மாற்றுவார். கடையில் கேட்டு வாங்கும் வலி மாத்திரையும் நாட்டு மருந்தும் கூட இவருக்கு ஆபத்தாகலாம்.

தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடிக்க வேண்டும். காய்ச்சாத பால், வெட்டி வைத்த பழம், தெருவோரச் சட்னி வேண்டாம். தோட்ட வேலை செய்தால் கையுறை, செருப்பு வேண்டும். மைசூரில் அரண்மனைப் பக்கம் புறாக்கள் கூட்டமாக இறங்கும். பார்க்க அழகுதான். ஆனால் புறா எச்சத்தில் ஒரு பூஞ்சை இருக்கும். அது மூச்சு வழியாக நுழைந்து மூளை வரை போகக் கூடியது. தானியம் போடும் ஆசையை இவர் வீட்டில் மற்றவரிடம் விட்டுவிடலாம். தசராக் கூட்டத்தில் போனால் முகத்தை மூடிக்கொள்ள வேண்டும்.

உயிருள்ள கிருமியால் செய்த தடுப்பூசிகளை இவருக்குப் போடக் கூடாது. அம்மை ஊசி அப்படிப்பட்டது. அதனால் தேவையான ஊசிகளை ஆபரேஷனுக்கு முன்பே போட்டுவிடுவார்கள். நாய் கடித்தால் போடும் ஊசி அந்த வகையில்லை. அதை இவருக்கும் தாமதமில்லாமல் போட வேண்டும். மாற்று உறுப்பு பெற்றவர் என்பதையும் அங்கே சொல்ல வேண்டும். வீட்டில் குழந்தைக்குப் போலியோ சொட்டு மருந்து கொடுத்தால், சில வாரம் அதன் மலத் துணியை இவர் தொடாமல் இருப்பது நல்லது.

கலந்து பேசுங்கள்

அம்மா ஏன் உண்மையை மறைத்தார்? அவர் இடத்தில் நீங்கள் இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்?

நோயாளியிடம் இந்தக் கேள்விகளை எப்படி, எங்கே வைத்துக் கேட்டால் அவர் கூச்சமில்லாமல் பதில் சொல்வார்?

உங்கள் வீட்டில் கடந்த இருபது ஆண்டுகளில் யாருக்குக் காசநோய் வந்தது, எத்தனை மாதம் மருந்து சாப்பிட்டார், யாரை நாய் கடித்தது, எத்தனை ஊசி போட்டார், யாருக்கு இரத்தம் ஏற்றினார்கள்? வீட்டுப் பெரியவர்களைக் கேட்டு ஒரு நோட்டில் ஆண்டோடு எழுதி வையுங்கள்.